ஆலைப் பாதுகாப்பில் சட்டப் பொறுப்பு யாருடையது? – கேள்வி பதில்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக, 2020இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: கோவையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) பட்டறை நடத்துகிறேன். வேலை வேகமாக ஓட வேண்டும் என்று ஆட்களே கார்டை, அதாவது கை சிக்காமலிருக்க இயந்திரத்தில் பொருத்தும் தடுப்பை, கழற்றிவிடுகிறார்கள். விரல் போனால் என் மீது வழக்கு வருமா?

வரும். பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றக் கூடாது என்ற கடமை தொழிலாளிக்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் கார்டைப் பொருத்தியதோடு உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை. அது கழற்றப்படாமல் இருக்கிறதா என்று மேற்பார்வையிடுவதும், தேவையான பயிற்சி அளிப்பதும் உங்களையே சேரும். பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்கேற்ப, கூலி கொடுத்துவிட்டு, வேகத்துக்காகக் கார்டைக் கழற்றினான் என்று தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. கார்டு திறந்திருந்தால் பிரஸ் இயங்காதபடி இன்டர்லாக் பொருத்துங்கள்.

கடமை தவறியதால் கடுங்காயம் நேர்ந்தால் ஓராண்டு வரை சிறையோ, 2 லட்சம் முதல் 4 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உயிரிழப்பு என்றால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம்.

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டியைக் கான்ட்ராக்டர் ஆட்கள் சுத்தம் செய்கிறார்கள். விபத்துக்குக் கான்ட்ராக்டரே பொறுப்பு என்று எழுதி வாங்கியிருக்கிறோம். அது போதாதா?

போதாது. தன் வளாகத்தில் இருக்கும் எவருடைய பாதுகாப்புக்கும், அவர் இருப்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வேலையளிப்பவரே பொறுப்பு என்று புதிய சட்டம் சொல்கிறது. கான்ட்ராக்டருடன் செய்த ஒப்பந்தம் இந்தக் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது. நிறுவனம் கம்பெனியாக இருந்தால், மேலாளரை முன்னிறுத்தி இயக்குநர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

தொட்டி விஷயத்தில் இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடுகிறது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் சாய்கிறார், அவரைத் தூக்க இறங்குபவரும் சாய்கிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர்கள் போவது இப்படித்தான். பழைய சட்டத்தின் 36ஆம் பிரிவு வகுத்த முறையைக் கைவிடாதீர்கள்: தகுதியுள்ளவர் காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல், இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஷூ, மாஸ்க், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சரியா?

சரியன்று. பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

கேள்வி: ஐயா, நான் பாய்லர் பிரிவில் வேலை செய்கிறேன். ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமான ஐயம் இருந்தால், நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ நிர்வாகத்துக்கும் அரசின் தொழிலக ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. ஆபத்து உண்டென்று நிர்வாகம் ஏற்றால் உடனே சரிசெய்து, ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஏற்காவிட்டாலும் ஆய்வாளரிடம் விடுவது அதன் கடமை, அவர் முடிவே இறுதியானது. வாய்மொழியாகச் சொன்னதோடு நிறுத்தாமல், தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பமிட மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கும், மாவட்டத்திலுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.