ஒகேனக்கல் பரிசல் சுற்றுகிறது, கேனோ மட்டும் எப்படி நேராகப் போகிறது?
எல்லாம் வடிவம்தான். கேனோ என்பது நீளமான, ஒடுக்கமான துடுப்புப் படகு, அது திரும்ப வேண்டுமானால் பக்கவாட்டில் நிறையத் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். வட்டப் பரிசலுக்கு அந்தத் தடை கிடையாது, ஒரு பக்கம் துடுப்பு போட்டாலே சுழலும். அதனால்தான் பரிசல்காரர் துடுப்பை முன்னால் நீட்டித் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார்.

கேனோவிலும் ஒரே பக்கம் துடுப்பு போட்டால் படகின் முன்முனை மறுபக்கம் திரும்பத்தான் செய்யும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பை வெளிப்பக்கம் லேசாகத் தள்ளி அதைச் சரிசெய்வார்கள்.

சரி, எது மேல்? அகலமான, அசையாத ஏரிக்குக் கேனோ. பாறைகள் நிறைந்த ஒகேனக்கல் காவிரிக்கு என் ஓட்டு பரிசலுக்குத்தான். மூங்கில் பின்னல், தட்டையான அடி. கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். கரையேறியதும் தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். ஆனால் நீர்வரத்து கூடிப் பரிசலுக்குத் தடை போட்டுவிட்டால் ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள்.