பின்பெஞ்சில் முதல்வர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தனியார் உயர்நிலைப் பள்ளியில் புதிதாகத் துணை முதல்வர் ஆகியிருக்கிறேன். வகுப்பைப் பார்வையிடப் போய் உட்கார்ந்தாலே ஆசிரியர் பதறுகிறார், பிள்ளைகள் பொம்மையாகிவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: பார்வையிடுவதற்கு முந்தைய நாளே ஆசிரியரோடு பத்து நிமிடம் உட்காருங்கள். மறுநாள் என்ன பாடம், பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள், நீங்கள் எதைக் குறித்துத் தரவேண்டும் என்று அவரையே கேளுங்கள். ஒரு வருகைக்கு ஒரே விஷயம் போதும்.

மணி அடிப்பதற்குள் உள்ளே போய்விடுங்கள். நடுவில் நுழைந்தால் வகுப்பே எழுந்து வணக்கம் வைக்கும். பாடத்தின் ஓட்டம் அங்கேயே அறுந்துவிடும். பின்பெஞ்சில் முதுகுகள்தான் தெரியும், பக்கவாட்டில் உட்காருங்கள்.

மதிப்பெண் போடும் படிவத்தை எடுத்துப் போகாதீர்கள். இருக்கைகளை ஒரு தாளில் கட்டங்களாக வரைந்துகொள்ளுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்ட மாணவரின் கட்டத்தில் ஒரு கோடு, மாணவர் தானாகச் சந்தேகம் கேட்டால் ஒரு புள்ளி. பெரும்பாலும் முன்வரிசையும் நடுப்பகுதியும் கோடுகளால் நிரம்பி, ஓரங்கள் வெறுமையாகக் கிடக்கும். அடுத்த வருகையில், கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி பொறுக்கிறார் என்று பாருங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டபோது அது ஒரு நொடியளவே இருந்தது. மூன்று நொடி பொறுத்ததும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

அன்றோ மறுநாளோ அந்தத் தாளை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம்! வெறுமையாகக் கிடக்கும் கட்டங்களை அவரே கண்டுபிடித்தால் மறுப்பதற்கு ஒன்றும் இராது. “நன்றாக இருந்தது, இன்னும் முயலலாம்” என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை. மாற்ற வேண்டிய ஒன்றை அவரே சொல்லட்டும். இரண்டு வாரத்துக்குள் மறுபடி வரும் தேதியைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

கேள்வி: ஆசிரியர்களின் பாடக் குறிப்பேட்டில் வாராவாரம் கையெழுத்துப் போடுகிறேன். அது போதாதா?

பதில்: போதாது. கையெழுத்துக்காக எழுதும் குறிப்பு பல சமயம் போன வருட நோட்டின் நகல்தான். மாணவர் நோட்டுகளில் ஆறு எடுங்கள்: நன்றாகப் படிப்பவர், நடுத்தரம், பின்தங்கியவர் என இரண்டிரண்டு. பெயர்களை நீங்களே சொல்லுங்கள். வகுப்புத் தலைவனை அனுப்பினால் அழகான கையெழுத்து நோட்டுகளே வந்து சேரும். (a+b)² = a²+b² என்று தவறாக எழுதியதன் மேலேயே சிவப்பு டிக் விழுந்திருக்கிறதா? திருத்திய தவறு அடுத்த வாரமும் அப்படியே வருகிறதா? திருத்தும் வேலை எப்படி நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஊதிய உயர்வை முடிவுசெய்ய நிர்வாகம் வகுப்பைப் பார்வையிட்டு நான் எடுத்த குறிப்புகளைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை கொடுத்தால், அடுத்த தடவை ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் காட்டுவார்கள். ஊதியத்துக்கான மதிப்பீட்டை முன்கூட்டியே அறிவித்த வேறு தேதியில், தனிக் கோப்பில், முடிந்தால் வேறொருவர் செய்யட்டும். ஆனால் மாணவரை அடிப்பதையோ இழிவாகப் பேசுவதையோ கண்டால் மறைக்க முடியாது. உடனே நிர்வாகத்திடம் தெரிவிப்பேன் என்று முதல் சந்திப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.