சிறு காபி விவசாயிக்கு உதவி: எங்கே தொடங்குவது?

கேள்வி: மதுரையில் காபிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை நடத்துகிறேன். இதுவரை மொத்த வியாபாரிகளிடமே கொட்டை வாங்கி வருகிறேன். கீழ்ப்பழனி மலையில் ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் காபி விவசாயிகளுக்காக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை செலவிட விரும்புகிறேன். மரக்கன்று கொடுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். பள்ளிக்கூடத்துக்குச் செய்யலாம் என்கிறார் இன்னொருவர். எது நிலைக்கும்?

பதில்: நீங்கள் நன்கொடை கொடுக்க முன்வந்தவர் மட்டுமல்லர், காபி வாங்குகிறவரும்கூட. மலையில் இருப்பவர்களுக்கு உங்களுடைய இந்த இரண்டாவது தகுதிதான் அதிகம் பயன்படும். ஆகவே கன்றையும் பள்ளியையும் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தில் ஒரு சிறு விவசாயி தன் பழத்தை எப்படி விற்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

ஆனி, ஆடியில் உரத்துக்கும் களையெடுப்புக்கும் பணம் தேவைப்படும்போது உள்ளூர் வியாபாரி முன்பணம் தருகிறார். அறுவடை தொடங்கியதும் அந்தக் கடன் பழமாகவே கழிகிறது. விலையைச் சொல்வது கடன் கொடுத்தவர். வியாபாரியைக் கெட்டவராகப் பார்க்க வேண்டியதில்லை, அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் பழமாக விற்கும் வரை விவசாயிக்குப் பேரம் பேச இடமில்லை. பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்க வேண்டும், இல்லையென்றால் குவியலிலேயே புளித்துவிடும். அந்த அவசரம் எதிரில் இருப்பவருக்கும் தெரியும்.

அராபிகா வகைக் காபியில் ஏறத்தாழ 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ சுத்தமான பச்சைக் கொட்டை கிடைக்கும். இரண்டு ஏக்கரில் சராசரியாக 350 கிலோ கொட்டை என்று வைத்துக்கொண்டால், ஒரு குடும்பம் இரண்டு டன்னுக்கு மேல் பழம் பறிக்கிறது. அதைப் பழமாகக் கொடுக்காமல், தோலையும் வழுவழுப்பையும் நீக்கி, உள்தொலியோடு காயவைத்து, நாம் பார்ச்மென்ட் என்று சொல்லும் நிலையில் விற்றால் கொட்டை பல மாதம் தாங்கும். விலைக்காகக் காத்திருக்கவும் முடியும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கீழ்ப்பழனியில் பழம் பழுக்கத் தொடங்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்று நாள் மூட்டம் போட்டால் வாசலில் காயப்போட்ட கொட்டை பூசணம் பூத்து, வறுக்கும்போது மண்வாடை அடிக்கும். ஆகவே தோலுரிக்கும் இயந்திரத்தைவிட முதலில் தேவைப்படுவது, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வலை கட்டிய உலர்த்து மேசைகளும், அவற்றின் மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் கூரையும், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதா என்று காட்டும் ஒரு கருவியும்தான். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் கொட்டையின் உள்ளே 14 சதவீத ஈரம் இருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

இயந்திரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கிராமத்துக்கு பல்பர் என்னும் நல்ல தோலுரிக்கும் இயந்திரம் ஒன்று நன்கொடையாக வந்தது. திறப்பு விழாப் படம் எல்லோரிடமும் இருந்தது. கொட்டகைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், டீசல் யார் கணக்கு, தேய்ந்த உருளையை யார் மாற்றுவது என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. இரண்டாவது பருவத்தில் அதன் மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். ஆகவே பொருளை வாங்கும் முன் சாவியைப் பற்றிப் பேசி முடித்துவிடுங்கள். கழுவிய தண்ணீரைப் பற்றியும் அப்படியே: புளித்த அந்த நீர் அமிலத்தன்மை மிக்கது, ஓடையில் விட்டால் கீழே இருக்கும் ஊர் அதைத்தான் குடிக்கும். குழி வெட்டித் தேக்கி, சுண்ணாம்பு இட்டுச் சமன்செய்யும் ஏற்பாடு இல்லாத இடத்தில் இயந்திரம் வைக்காதீர்கள்.

உங்கள் 3 லட்சத்தை நான் பிரிப்பதானால், 20 குடும்பங்களுக்குத் தலா 8,000 ரூபாய் வீதம் 1,60,000 ரூபாயை வட்டியில்லா முன்பணமாக ஆனியில் கொடுப்பேன். அதைக் கழிக்கும்போது முன்பணம் கொடுத்த நாளின் விலையில் கழிக்கக் கூடாது. மத்திய அரசின் காபி வாரியம் வெளியிடும் சந்தை விலையை அடிப்படையாக வைத்து, கொட்டை கைக்கு வந்த நாளின் விலையில் கழிக்க வேண்டும். இந்தத் தொகை திரும்பி வருவதால் அடுத்த ஆண்டு மீண்டும் சுழலும். மிச்சத்தில் பெரும்பங்கை மேசைக்கும் கூரைக்கும் வைத்துவிட்டு, ஒரு பகுதியைச் சிவந்த பழத்தை மட்டும் பறித்துத் தருபவர்களுக்கு ஊக்கத் தொகையாக ஒதுக்குங்கள். பச்சையும் சிவப்புமாகக் கிளையோடு உருவிய பழத்தை இனம் காண்பது எளிது: வாளித் தண்ணீரில் கொட்டினால் பொக்கு மேலே மிதக்கும், முதிராத காயைக் கண்ணே பிரித்துவிடும். பறிப்பதும் பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை, பட்டா மட்டும் ஆண்களின் பெயரில் இருக்கும். ஊக்கத் தொகை அந்தப் பெண்களின் வங்கிக் கணக்கிலேயே சேரட்டும்.

அடுத்தது காகித வேலை. காபி வாரியம் சிறு விவசாயிகளுக்கு மறுநடவு போன்றவற்றுக்கு மானியம் தருகிறது. ஆனால் நில ஆவணம் இல்லாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. பழங்குடிக் குடும்பங்களாக இருந்தால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ், 4 ஹெக்டேர் வரை, சாகுபடியில் இருக்கும் நிலத்துக்கு உரிமை கோரலாம். மனு கிராம சபை வழியாகப் போக வேண்டும். விவரம் தெரிந்த ஒருவரை மாதம் இரண்டு நாள் அமர்த்தி இந்த மனுக்களை எழுதிக் கொடுத்தால், நீங்கள் செலவிடும் தொகையைப் போலப் பல மடங்கு அரசிடமிருந்து அவர்களுக்கு வந்து சேரக்கூடும்.

மரக்கன்று தவறில்லை, எந்தக் கன்று என்பதில்தான் தவறு நடக்கிறது. நிழல் குறைந்து வெயில் படும் அராபிகாச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு முட்டையிடும். ஆகவே நிழல் மரம் அவசியம். ஆனால் மலை முழுவதும் சில்வர் ஓக் மட்டும் நட்டால் மிளகு ஏறும், பறவை வராது. கல்யாண முருங்கை, பலா, உள்ளூர்க் காட்டு மரங்கள் கலந்திருக்கட்டும். காபிக் கன்றானால் 2007இல் காபி வாரியம் வெளியிட்ட சந்திரகிரி போன்ற ரகங்கள் ஏற்குமா என்று தாண்டிக்குடியில் உள்ள வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நட்டது காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க வேறு பலர் வருவார்கள். அறுவடைக் காலத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் ஏற்பாடு செய்தால் அது தோட்டமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கும் உதவும்.

ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கை உங்களிடம் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கே பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவு, நாந்தி அறக்கட்டளையின் துணையோடு தரம் பார்த்துப் பழம் வாங்கிப் பதப்படுத்தி, 2017இல் பாரிஸில் கடை திறக்கும் அளவுக்கு வளர்ந்தது உண்மை. அதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பும் பெரிய முதலீடும் உண்டு. உங்கள் அளவுக்கு 20 குடும்பங்களும், மூன்று ஆண்டுகளாவது தொடர்ந்து வாங்குவேன் என்ற எழுத்துப்பூர்வமான உறுதியும் போதும்.

செப்டம்பருக்குள் குடும்பங்களைப் பேசி முடித்துவிட்டால் மழைக்கு முன் மேசைகள் எழும்பிவிடும். தாமதமானால் இந்தப் பருவத்துக்கு நியாயமான விலையையும் உடனடிப் பணத்தையும் மட்டும் கொடுத்து வாங்குங்கள். மேசைகளை அடுத்த ஆண்டு போடலாம்.