வாசகர் கேள்வி – பதில்: பழைய பப்பின் மாடியறை

கேள்வி: லண்டனில் பணிபுரியும் என் மகன், தன் அலுவலகத்தின் ஆண்டுக் கூட்டம் இம்முறை ஒரு பழைய பப்பின் மாடியறையில் நடக்கவிருப்பதாக எழுதியிருக்கிறான். மது விற்கும் இடத்தில் கூட்டம் நடத்துவது அங்கே முறைதானா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நெடுநாளைய வழக்கமே அதுதான், அம்மா. நம் ஊர் மதுக்கடையை மனத்தில் வைத்துக்கொண்டு பப்பை எண்ணிப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். லண்டனின் பழைய பப்புகளில் பல, பயணிகளுக்குப் படுக்கையும் உணவும், குதிரைகளுக்குக் கொட்டிலும் தந்த சத்திரங்களாக இருந்தவை. பொது மண்டபங்கள் அரிதாக இருந்த காலத்தில், சங்கம் கூட்ட விரும்பியவர்கள் இவற்றின் மாடியறைகளையே நாடினார்கள். வந்தவர்கள் உண்பதிலும் குடிப்பதிலும் வருமானம் கிடைத்ததால், கடைக்காரர் பல வேளைகளில் தனியாக வாடகை கேட்பதில்லை.

மண்டபம் பிடிக்க வசதியில்லாத எளியவர்களின் அரசியலுக்கு இது பெரிய வாய்ப்பாக அமைந்தது. தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைப்பவர், வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கோரி, வாரம் ஒரு பென்னி சந்தாவில் சங்கம் ஒன்றை 1792 ஜனவரியில் தொடங்கியது எக்ஸெட்டர் தெருவிலிருந்த 'பெல்' என்ற மதுவிடுதியில்தான். இரண்டே ஆண்டுகளில் அரசு அவர்மீது ராஜத்துரோக வழக்குத் தொடுத்தது. நடுவர் குழு அவரை விடுவித்தது. கிரேட் குவீன் தெருவின் 'ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன்' இன்னும் சுவையான இடம். லண்டன் நிலவியல் சங்கம் 1807இல் உருவானதும், கால்பந்துக்குப் பொது விதிகள் வகுக்க இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1863 அக்டோபர் 26 அன்று பிறந்ததும் அங்கேதான். கல்லை ஆராய்ந்தவர்களுக்கும் பந்தை உதைத்தவர்களுக்கும் ஒரே விடுதி இடம் கொடுத்திருக்கிறது! உங்கள் மகனின் அலுவலகம் நல்ல வரிசையில்தான் சேர்கிறது.

கேள்வி: அத்தகைய பழைய விடுதி எதுவும் இன்றும் இருக்கிறதா? குடும்ப விழாவுக்கு அறை எடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: லண்டனின் சதர்க் பகுதியில் உள்ள 'ஜார்ஜ் இன்' அதற்குச் சிறந்த சான்று. 1676ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின், மறு ஆண்டே அது மீண்டும் கட்டப்பட்டது. முற்றத்தைச் சுற்றி மரத்தாழ்வாரங்கள் அமைந்த இவ்வகைச் சத்திரங்களில் லண்டனில் எஞ்சியிருப்பது இது ஒன்றே; அதிலும் ரயில்வே நிறுவனம் இரு பக்கங்களை இடித்துவிட்டதால், நாம் இன்று காண்பது தெற்குப் பக்கத்தை மட்டுமே. 1937 முதல் அது, பழங்கட்டடங்களைப் பேணிக் காக்கும் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பின் உடைமை. பயணிகள் உறங்கிய மாடியறைகளில் இப்போது விருந்துகள் நடக்கின்றன.

குடும்ப விழாவுக்குத் தாராளமாக அறை எடுக்கலாம். பெரியவர்களுடன் வரும் சிறுவர்களைப் பெரும்பாலான பப்புகள் அனுமதிக்கின்றன. எனினும் அந்தந்த விடுதியின் உரிம நிபந்தனையைக் கேட்டறிவது அவசியம். பல பப்புகளில் வாடகைக்குப் பதிலாக, உணவுக்கும் பானத்துக்கும் குறைந்தது இவ்வளவு செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். விருந்தினரில் பாதிப்பேர் மது அருந்தாதவர்களானால் அந்தத் தொகையை எட்டுவது கடினம் என்பதால், உணவுப் பட்டியலை வைத்து முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பழங்கட்டடங்களில் படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், மின்தூக்கி பெரும்பாலும் இராது. பாட்டி தாத்தா வருவதாக இருந்தால் கீழ்த்தளத்து அறை கிடைக்குமா என்பதையே முதலில் விசாரியுங்கள்.