ஃபீட்பேக்கில் மார்க் குறைந்த பேராசிரியர்: மெமோ கொடுப்பதா, கைகொடுப்பதா?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறைத் தலைவராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் மூவரும் பிஎச்.டி. முடித்தவர்கள், பாடத்தில் கெட்டி. ஆனால் செமஸ்டர் இறுதியில் மாணவர்கள் தரும் ஃபீட்பேக்கில் மார்க் மிகக் குறைவு. எஃப்.டி.பி. எனும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினோம். சான்றிதழ் வந்தது, வகுப்பு அப்படியேதான் இருக்கிறது. மெமோ கொடுக்கச் சொல்கிறார் முதல்வர். என்ன செய்யலாம்?

பதில்: மெமோவை ஒத்திப்போடச் சொல்லி முதல்வரிடம் பேசுங்கள். ஐந்துக்கு 2.8 என்ற எண்ணை வைத்து ஒருவர் எங்கே சறுக்குகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. குரல் கேட்கவில்லையா, போர்டில் எழுதுவது புரியவில்லையா, இன்டர்னல் மார்க்கைக் குறைத்த கோபமா? அந்த எண் கைக்கு வரும்போது செமஸ்டரும் முடிந்துபோயிருக்கும்.

எண்ணை நம்புவதிலும் நிதானம் வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு உங்கள் துறைக்கே பொருந்தும். ஒரு பகுதி மாணவர்களுக்குத் தேர்ந்த விரிவுரை. இன்னொரு பகுதிக்கு அதே பாடம், ஆனால் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தேர்வில் கூடுதல் மார்க் எடுத்தவர்கள் கணக்குப் போட்டவர்கள்தான். 'நிறையக் கற்றுக்கொண்டோம்' என்று சொன்னவர்களோ விரிவுரை கேட்டவர்கள்! மூளையைக் கசக்கும் வகுப்பு உட்கார்ந்திருக்கும்போது சுகமாக இருக்காது. உங்கள் மூவரில் ஒருவர் அப்படிக் கசக்குகிறவராக இருந்தால், மெமோ அவரை நோட்ஸ் டிக்டேட் செய்கிறவராக மாற்றிவிடும்.

நான் சொல்வது இதுதான்: முதல் இன்டர்னல் முடிந்த கையோடு, இன்னும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே மாணவர்களைக் கேளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆசிரியர் மேம்பாட்டு மையங்கள் வெகுகாலமாகச் செய்வது இது. நமக்கு மையமெல்லாம் தேவையில்லை, இருபது நிமிடம் போதும். வேதியியல் துறையிலிருந்து மூத்த பேராசிரியர் ஒருவரை அழையுங்கள். நீங்கள் போகவே கூடாது. துறைத் தலைவர் முன்னால் எந்த மாணவனும் வாய் திறக்க மாட்டான், திறந்தாலும் உள்ளது வராது. பாட ஆசிரியர் வெளியே போனதும் மாணவர்கள் ஐந்தாறு பேராகப் பிரிந்து இரண்டே கேள்விக்குப் பதில் எழுதட்டும்: இந்த வகுப்பில் பாடம் புரிய எது உதவுகிறது? எதை மாற்றினால் இன்னும் புரியும்? ஒரு குழு சொன்னதை மற்றவர்கள் ஏற்கிறார்களா என்று கை தூக்கச் சொன்னால், ஒருவனின் எரிச்சல் எது, வகுப்பின் குறை எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் வருவது சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும்: "டெரிவேஷனில் நடுவில் இரண்டு ஸ்டெப்பைத் தாண்டிவிடுகிறார்", "எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்". இவற்றை அடுத்த வாரமே சரிசெய்யலாம். அடுத்த வகுப்பில் ஆசிரியர் 'நீங்கள் சொன்னதில் இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை ஒருவரும் மெனக்கெட்டு எழுத மாட்டார்கள்.

இதோடு சக ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்க்கலாம். 'நன்று', 'சுமார்' என்று எழுதாமல், மணியும் நடந்ததும் மட்டும் குறிக்கட்டும். '10.20: கேள்வி கேட்டார். 10.20: அவரே பதில் சொன்னார்.' கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் மாணவர்கள் நீளமாகவும் யோசித்தும் பதில் சொல்கிறார்கள் என்பது அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டது. அவர் பார்த்தவை பள்ளி வகுப்புகள், ஆனால் கல்லூரியிலும் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், தெரியும்.

இந்தக் குறிப்புகளும் மாணவர் சொன்னதும் சம்பந்தப்பட்ட ஆசிரியருக்கு மட்டுமே போக வேண்டும். உங்கள் மேசைக்கோ அப்ரைசல் ஃபைலுக்கோ, கல்லூரிக்குத் தரமதிப்பீடு தரும் நாக் அமைப்புக்கான ஆவணத்துக்கோ வரக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரும் தன் குறையைக் காட்ட மாட்டார்கள். முன்கூட்டியே ஒத்திகை பார்த்த 'டெமோ கிளாஸ்'தான் உங்களுக்குக் கிடைக்கும்.

எஃப்.டி.பி. பயனற்றது என்று சொல்ல மாட்டேன். அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான மாளவியா மிஷனின் மையங்கள் தரும் பயிற்சி பதவி உயர்வுக்கும் தேவை. ஆனால் மாணவரைப் பங்கேற்க வைப்பது எப்படி என்று நாள் முழுக்க பிபிடி போட்டு லெக்சர் அடிக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. யாரையாவது அனுப்பினால், திரும்பி வந்ததும் ஒரே ஒரு பாடத்தில் எதை மாற்றப்போகிறார் என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

கடைசியாக, அவர்களுடைய டைம்டேபிளைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி நேரம். அதற்கு மேல் லேப், அட்மிஷன் டியூட்டி, நாக் ஃபைல் எல்லாம் புதியவர் தலையிலேயே விழுவதுதான் நம் கல்லூரிகளின் வழக்கம். இந்த ஒரு செமஸ்டருக்காவது ஃபைல் வேலையைச் சீனியர்களுக்கு மாற்றுங்கள். முணுமுணுப்பார்கள், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.