வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் எந்த அணிக்குக் கத்துகிறார்கள்?

கேள்வி: வெளிநாடுகளில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள் விளையாட்டில் எந்த நாட்டை ஆதரிக்கிறார்கள்? குடியுரிமை தந்த நாட்டையா, பிறந்த நாட்டையா?

நான் வெளிநாட்டில் இல்லை, கிளிநொச்சியில் இருக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பம் லண்டன், மெல்பேர்ண், சூரிச், கனடாவின் ஸ்காபரோ என்று சிதறிக் கிடக்கிறது. பெரிய மட்ச் ஒன்று நடக்கும் நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடக்கும். அதில் நான் கண்டுபிடித்த ஒரு விதி: ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்காதீர்கள், எந்த ஆண்டு இங்கிருந்து வெளிக்கிட்டார் என்று கேளுங்கள். அவருடைய அணி அநேகமாக அந்த ஆண்டோடு நின்றிருக்கும்.

எங்கள் பெரியப்பா 1983 கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்குப் போனவர். இலங்கை தன் முதலாவது டெஸ்ட் மட்சை ஆடியதே 1982 பெப்ரவரியில். அந்த அணியோடு ஒட்டிக்கொள்ள அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை. லொயிட், றிச்சர்ட்ஸ் காலத்து மேற்கிந்தியத் தீவுகள்தான் அவருடைய அணி. இங்கிலாந்துக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார், இங்கிலாந்து தோற்றால் சிரிக்கிறார், மேற்கிந்தியாவுக்கு இன்றைக்கும் விசுவாசமாக இருக்கிறார். பாவம், இப்போதெல்லாம் அது லேசான வேலை இல்லை.

தொண்ணூறுகளில் போனவர்களின் கதை வேறு. அவர்கள் 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வன்னியில் கேட்டவர்கள். பார்த்தவர்கள் என்று சொல்லவில்லை, கேட்டவர்கள். முந்தைய ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, அதில் ஒரு பகுதி சனம் கிளாலிக் கடலேரி தாண்டி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. உருத்திரபுரத்தில் எங்கள் வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டு இருந்தார்கள். மின்சாரம் கிடையாது. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் கொளுவி, ஒருவர் மாறி ஒருவர் மிதிப்பது. மிதிக்கிறவன் மட்சில் மயங்கி வேகத்தைக் குறைத்தால் குரல் இழுபட்டு அமுங்கிவிடும். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அவனை ஏசுவார்கள்.

மார்ச் 13, கல்கத்தாவில் இந்தியாவோடு அரையிறுதி. அன்று எங்கள் வளவுக்குள் எத்தனை கட்சி என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அமைதிப்படைக் காலத்தைப் பார்த்த அப்பாவுக்கு இந்தியா வெல்லக்கூடாது. அண்ணாவுக்கு டெண்டுல்கர் என்றால் உயிர். இடம்பெயர்ந்து வந்த மாஸ்டர் ஒருவர், எந்த அரசு குண்டு போடுகிறதோ அந்த அரசின் பெயரில் ஆடுகிற அணிக்கு எப்படிக் கைதட்டுவது என்று கேட்டார். கேட்டுவிட்டு, முரளி பந்துவீச வந்ததும் கிட்ட வந்து உட்கார்ந்தார். கண்டியில் பிறந்த ஒரு மலையகத் தமிழ்ப் பெடியன் அந்த அணியில் இருந்தது எங்களுக்கெல்லாம் பெரிய சங்கடமாகவும் பெரிய வசதியாகவும் இருந்தது. (முரளி பிற்காலத்தில் பேசிய அரசியல் பற்றி இங்கே ஆளுக்கொரு கருத்து உண்டு. அதை இதற்குள் இழுக்கவில்லை.) டெண்டுல்கர் 65இல் ஸ்டம்ப் ஆனதோடு இந்தியா சரிந்தது. 120க்கு எட்டு விக்கெட் போனபோது சனம் போத்தல் எறிந்து தீ வைக்க, நடுவர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார். அண்ணா சாப்பிடாமல் படுத்தான். நாலாம் நாள் லாகூரில் அரவிந்த டி சில்வா சதம் அடித்து அவுஸ்திரேலியாவை மடக்கியபோது அதே அண்ணாதான் விடாமல் மிதித்தவன். அவன் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான். இலங்கை ஜெர்சி வாங்க மாட்டான், ஆனால் மட்சை விடியவிடிய முழித்திருந்து பார்ப்பான்.

ஆக, பிளவுபட்ட விசுவாசம் என்பது குடிபெயர்ந்தவர்களுக்கு விமான நிலையத்தில் வந்து ஒட்டிக்கொண்ட வியாதி இல்லை. இங்கிருந்தே கொண்டுபோனார்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு போனவர்களும், அந்த முடிவை வெளிநாட்டிலிருந்தபடி பார்த்தவர்களும் இன்னொரு வகை. அந்த ஏப்ரலிலிருந்து லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் இரவு பகலாக நின்றது. ஜூனில் அதே ஊரில், லோர்ட்ஸ் மைதானத்தில், இலங்கை இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டம் ஆடியது. நாங்கள் அப்போது செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றோம். யார் வென்றது என்பதே பிறகுதான் தெரியவந்தது (பாகிஸ்தான்). ஆனால் லண்டனில் இருந்த சித்தப்பாவுக்கு அந்த மாதம் எல்லாம் முடிந்துபோனது. 2013இல் கார்டிஃபில் இந்தியா–இலங்கை அரையிறுதியின்போது தமிழ் இளைஞர்கள் கொடியோடு மைதானத்துக்குள் ஓடினார்களே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்து எழுந்து நின்று கைதட்டியதாகச் சொன்னார். அன்று அவர் எந்த அணிக்கும் கைதட்டவில்லை.

‘விளையாட்டு வேறு, அரசியல் வேறு’ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. 2007 உலகக் கிண்ண இறுதி நடந்துகொண்டிருந்த இரவில் கொழும்புப் பக்கம் விமானத் தாக்குதல் நடந்து, நகரத்தில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் நாட்டில் இரண்டும் ஒரே கம்பியில்தான் ஓடின. ஆனால் ஒன்று: பார்க்காமல் விடுவது அவருடைய உரிமை. ஸ்காபரோவிலோ லண்டன் ஹரோவிலோ இருந்துகொண்டு, ‘நீங்கள் அங்கே எப்படி இதைப் பார்க்கிறீர்கள்’ என்று எங்கள் பெடியன்களுக்கு வகுப்பு எடுப்பதுதான் எனக்குப் பிடிக்காது. இங்கே வாழ்கிறவனுக்கு டிவியில் வருவது இந்த அணிதான்.

இங்கிலாந்து அரசியல்வாதி நோர்மன் டெபிட் 1990இல் இதையே ஒரு பரீட்சையாக வைத்தார். பிரித்தானியாவில் வாழும் ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் கத்துகிறார்கள் என்று பாருங்கள், பலர் தேறமாட்டார்கள் என்றார். அந்தப் பரீட்சையில் எங்கள் பெரியப்பாவுக்கு என்ன புள்ளி போடுவது? பிறந்த நாடும் இல்லை, வந்த நாடும் இல்லை. அப்படி ஒரு கட்டத்தை டெபிட் வைக்கவே இல்லை.

இன்னும் சிக்கலானது 2022 நவம்பர் 5. இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில், சிட்னியில் இங்கிலாந்தும் இலங்கையும். இங்கிலாந்து வென்றால் ஓட்ட விகிதத்தில் அவுஸ்திரேலியா வெளியே. இலங்கை வென்றால் அவுஸ்திரேலியா அரையிறுதிக்கு. மெல்பேர்ண் மச்சான் 2009க்குப் பிறகு இலங்கையின் ஒரு மட்சும் பார்க்காதவர். அவருடைய மகன் அங்கே பிறந்தவன், அசல் அவுஸ்திரேலியன். அன்று அவன் தன் நாட்டுக்காக இலங்கைக்குத் தொண்டை கிழியக் கத்தினான். மச்சான் பக்கத்தில் இருந்தாராம், வேறு வழியில்லாமல். நாங்கள் இங்கே மத்தியானச் சாப்பாட்டோடு பார்த்தோம், லண்டன்காரர்களுக்குக் காலை. இரண்டு பந்து மீதம் இருக்க இங்கிலாந்து வென்றது. குழுவில் மச்சான் போட்டது ஒரே வரி: ‘பெடியன் அழுகிறான், நான் யாருக்காகக் கவலைப்படுகிறது?’

பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை என்பதை அன்று கவனித்தேன். குழப்பம் தகப்பன்மாருக்குத்தான். சூரிச்சில் இருக்கும் தங்கையின் மகன் கிரிக்கெட்டையே எட்டிப் பார்ப்பதில்லை, அவனுக்கு உதைபந்தாட்டம். அவன்தான் எனக்குச் சாக்கா சகோதரர்களைப் பற்றிச் சொன்னான். கொசோவோவிலிருந்து வந்த அல்பேனியக் குடும்பம். தம்பி கிரானிட் சுவிஸ் அணிக்கும் அண்ணன் தௌலாந்த் அல்பேனியாவுக்கும் 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் எதிரும் புதிருமாக ஆடினார்கள். தாய் இரண்டு நாட்டு நிறமும் பாதிப்பாதியாக வைத்த ரீசேர்ட் போட்டு வந்திருந்தார். சுவிஸ் ஒன்றுக்குப் பூச்சியம். ‘அதில் என்ன பிரச்சினை மாமா?’ என்றான் மருமகன். அவனுக்கு அது பிரச்சினையாகவே படவில்லை.

இங்கே நிலைமை எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பெடியன்கள் இந்தியாவின் ஐபிஎல் வந்தால் மஞ்சள் போட்டுக்கொண்டு சென்னைக்குக் கத்துகிறார்கள். லங்கா பிரிமியர் லீக் வந்தால் யாழ்ப்பாண அணி. இலங்கை ஆடினால் சிலர் இலங்கை, சிலர் எதிரணி யாரோ அவர்கள். 2024 மே மாதம் யாழ் மத்திய கல்லூரிப் பெடியன் வியாஸ்காந்த், ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு முதல்முறை இறங்கிய அன்று மட்டும் சென்னை ரசிகர்களும் ஹைதராபாத் மட்சுக்கு உட்கார்ந்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஸ்காபரோ, ஹரோ, மெல்பேர்ண் எல்லாம் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நாள் அது. அதுவும் முழுதாக இல்லை. ‘அவன் ஏன் தமிழ்நாட்டு அணிக்கு ஆடவில்லை’ என்று சித்தப்பா கேட்டார். அதற்கு அண்ணா எழுதிய பதிலை இந்தத் தளத்தில் போட முடியாது.