மேட்ச் இல்லாத நாளைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இரண்டு ஸ்டேடியங்களுக்காக, இரண்டு கிலோமீட்டர்கூட வராத லைட் ரயில் (டிராம் போன்ற சிறு ரயில்) பாதைக்கு 52 கோடி டாலர் செலவழித்திருக்கிறார்கள். பாலத்தில் நடந்தால் பத்து நிமிடம். விளையாட்டு பார்ப்பவர்களுக்காக வரிப்பணத்தை ஆற்றில் கொட்டலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: பேஸ்பால் பார்ப்பவர்களில் ஏராளமானோர் நடந்துதான் போகிறார்கள். ஆட்ட நாளில் ராபர்ட்டோ கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை மறித்து, முழுப் பாலத்தையும் நடப்பவர்களுக்கு விட்டுவிடுவார்கள். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ரயிலை மேட்ச் கூட்டத்துக்காகவே போட்டார்கள் என்று நினைப்பது தப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டி வண்டியில் 300 பேர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நாலு நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டாலும் மணிக்கு 4,500 பேர்தான். பக்கத்து அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்திலோ 60,000 பேருக்கு மேல் உட்காருகிறார்கள். ஆட்டம் முடிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரத்தைத்தான் ரயில் கிள்ளி எடுக்க முடியும்.

ஒரு சீசனில் அந்த ஊரில் தொழில்முறை பேஸ்பால் 81 ஆட்டம், தொழில்முறைக் கால்பந்து எட்டோ ஒன்பதோ. மொத்தம் 90 நாள் என்றால், மீதி 275 நாள் யார் ஏறுகிறார்கள்? ஆபீஸ் போகிறவர்கள். ஆட்டமில்லாத நாளில் ஸ்டேடியத்தைச் சுற்றிய பார்க்கிங் இடங்கள் காலியாகக் கிடக்கும். அங்கே காரை விட்டுவிட்டு, நகர மையத்துக்குக் காசில்லாமல் ரயிலில் போகலாம். நார்த் சைடு, அலெகெனி என்ற இரண்டு புது நிலையங்களும் இலவச எல்லைக்குள் இருக்கின்றன. டிக்கெட் இல்லாததில் இன்னொரு பெரிய லாபம் உண்டு: டிரைவர் பக்கத்துக் கதவில் வரிசை கட்டாமல் எல்லாக் கதவிலும் ஏறலாம், வண்டி சீக்கிரம் கிளம்பும். கூட்ட நாளில் இதுதான் உயிர்.

க்ளீவ்லாந்தைப் பாருங்கள். 1996-ல் ஏரிக்கரை ஓரமாக, ஸ்டேடியத்தைத் தொட்டு, 2.2 மைல் பாதை போட்டார்கள். சுரங்கம் இல்லை, செலவு சுமார் 7 கோடி டாலர்தான். ஆனால் அது நம்பியிருந்த ஃபிளாட்ஸ் பகுதியின் கேளிக்கை விடுதிகள் ஒவ்வொன்றாக மூடியதும் வார நாள் பயணிகள் கரைந்துவிட்டார்கள். 2021-ல் பாலம் பழுதானதும் சேவை இரண்டு ஆண்டுகள்போல நின்றே போனது. மலிவாகப் போட்ட பாதையும் வீணாகும்.

பிட்ஸ்பர்க்கில் ஏன் இவ்வளவு செலவு? நகர மையத்தில் ரயில் ஏற்கெனவே பூமிக்கு அடியில் ஓடுகிறது. அங்கிருந்து பாலத்துக்கு ஏற்ற இடமில்லை, ஆற்றுக்கு அடியில்தான் போக வேண்டும். ஆற்றடியில் தண்ணீர் ஊறிய மணலும் சரளையும். முகப்பில் சேற்றுக் குழம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே குடையும் எந்திரம் வேண்டும். அழுத்தம் தளர்ந்தால் மண் உள்ளே சரியும், மேலே தரை இறங்கும். பழைய கேட்வே நிலையத்தில் வண்டிகள் வளையமாகச் சுற்றித் திரும்பும். அதிலிருந்து ஆற்றுக்கு இறங்க வழியில்லாததால் புது நிலையமே கட்டினார்கள். 2012 மார்ச்சில் பாதை திறந்தது.

உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடங்கள் வேறு. 2011 மார்ச்சில் அதே போக்குவரத்து நிர்வாகம் சேவையை 15 சதவீதம் வெட்டியது. பஸ் இல்லாமல் தவித்தவர்களின் கண்ணெதிரே சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. பெரும்பகுதி மத்திய அரசு கட்டுமானத்துக்கென்று கொடுத்த பணம். அதை எடுத்து டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க விதியில்லை. பாதையை ரத்து செய்திருந்தாலும் ஒரு பஸ்கூடத் திரும்பி வந்திருக்காது. அந்த விதியைக் கேள்வி கேளுங்கள்.

அடுத்தது, செலவு ஏறியபோது எதை வெட்டினார்கள் என்பது. முதல் திட்டத்தில் மாநாட்டு மையத்துக்கும் ஒரு கிளை இருந்தது, அதைத்தான் கைவிட்டார்கள். அலெகெனிக்கு அப்பால், வடக்கே குடியிருப்புகளுக்குள்ளும் பாதை போகவில்லை. ஸ்டேடியத்துப் பார்க்கிங் ஓரத்திலேயே நின்றுவிட்டது.